ஓதத்திற்கு வழிவிடுதல்: அலையாத்திக் காட்டில் ஒரு கோடைப் பணியணி

முன்னுரை

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று நம் முன்னோர் வகுத்தனர். காவிரி கடலோடு கலக்கும் கடைமடையில், ஒருபுறம் நெல்வயலும் மறுபுறம் உப்பங்கழியுமாக அமைந்த அதிராம்பட்டினம், மருதமும் நெய்தலும் கைகோத்து நிற்கும் ஊராகும். இவ்வூருக்குக் கிழக்கே தாமரங்கோட்டை, மறவக்காடு, துறைக்காடு, முத்துப்பேட்டை என்று காப்புக்காடுகள் தொடர்கின்றன. அவற்றில் வளரும் மரத்திற்கு மக்கள் இட்ட பெயர் அலையாத்தி. அலையை ஆற்றுவது என்னும் பொருள்பட அமைந்த அப்பெயர், அம்மரத்தின் பணியையும் சொல்லிவிடுகிறது.

கோடை விடுமுறையில் பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள மாணவரை அணியாகத் திரட்டி, இக்காட்டின் பாதுகாப்புப் பணியில் ஈடுபடுத்துவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பணியாற்றிய காலத்தில் இரு கோடைகளில் பெற்ற பட்டறிவே இதற்கு அடிப்படை. அவற்றுள் ஒன்று தோல்வி, மற்றொன்று ஓரளவு வெற்றி. தோல்வி கற்பித்ததே மிகுதி என்பதால் அதனையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இலக்கியத்தில் கண்டல்

அலையாத்தி இனத்து மரங்களைச் சங்கப் புலவர் கண்டல் என்றனர். நற்றிணை, அகநானூறு முதலிய தொகைநூல்களின் நெய்தற் பாடல்களில் கண்டலும் தாழையும் ஞாழலும் புன்னையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. கண்டல் மரங்களை ஊருக்கு வேலியாகக் காட்டும் இடங்களும் உண்டு. புன்னை மரமொன்றைத் தலைவி தன் தமக்கையாகக் கருதி, அதனடியில் தலைவனோடு நகையாட நாணிய செய்தியை நற்றிணைப் பாடலொன்று கூறுவதை மாணவர் அறிவர். தில்லை என்னும் மரமும் இக்கழிமுகக் காடுகளுக்கு உரியதே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களுள் தில்லையும் ஒன்று. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் வந்ததும் அம்மரத்தாலேயே.

வகுப்பறையில் இவற்றைக் கருப்பொருள் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நம்மூரிலிருந்து மிதிவண்டியில் செல்லும் தொலைவில் அதே கண்டலும் தில்லையும் நிற்கின்றன. அவற்றை நேரிற் கண்டிராத மாணவர் தேர்வில் கருப்பொருளுக்கு முழு மதிப்பெண் பெறுகின்றனர் என்பது தமிழாசிரியராகிய எனக்கு நீண்டநாள் உறுத்தலாக இருந்தது.

காடு பட்ட பாடு

முத்துப்பேட்டைச் சதுப்புநிலம் காவிரிப் படுகையின் தென்கோடியில் ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்பில் அமைந்தது. பாமணியாறு, கோரையாறு முதலிய கிளையாறுகள் இங்கே வந்து கடலில் கலக்கின்றன. மரங்களுள் மிகப் பெரும்பான்மை வெண்கண்டல் என்னும் ஒரே இனம். தில்லை, நறுங்கண்டல், கழுதைமுள்ளி, உமரி முதலியன இடையிடையே காணப்படும். இப்பகுதி 1937-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. கோடியக்கரைச் சரணாலயத்தோடு சேர்த்து 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

இத்தகைய காடு தேய்ந்தது எவ்வாறு? விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை அடியோடு வெட்டி எடுக்கும் முறை 1970-கள் வரை நடைமுறையில் இருந்தது. மரங்களை வெட்டியபின் சேற்றுநிலம் நேரடியாக வெயிலைக் கண்டது. ஈரம் ஆவியாகி மண் இறுகித் தாழ்ந்தது. நிலம் தாம்பாளம் போல் நடுவே குழிந்தது. பெருக்கின்போது உள்ளே வந்த கடல்நீர், வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மட்டும் எஞ்சியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இத்தேக்கங்களிலோ அதனினும் பன்மடங்கு ஏறியது. இலைவழியே உப்பை வெளியேற்றும் ஆற்றல் படைத்த வெண்கண்டலும் அங்கே முளைக்க முடியாமற் போயிற்று. ஆற்றில் வரும் நன்னீர் குறைந்ததும் இத்தீங்கை மிகுவித்தது.

ஆகவே வெட்டியது மட்டும் இக்காட்டை அழிக்கவில்லை. வெட்டியபின் நீரின் போக்குவரவு அடைபட்டதே மீண்டும் முளைக்கவிடாமல் தடுத்தது. இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால், பணியணி எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யலாகாது என்பது தானே தெளிவாகும்.

மீன்முள் வாய்க்கால்

நோயின் மூலம் நீர்த்தேக்கம் எனின், மருந்து வடிகாலாகத்தான் இருத்தல் வேண்டும். தமிழ்நாடு வனத்துறையும், கும்பகோணத்திற் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆய்வு நிறுவனமும் 1990-களில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இம்முறையை வளர்த்தெடுத்தன. இயற்கையான ஓடையிலிருந்து குழிந்த நிலத்தின் நடுவே ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டப்படும். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் பிரியும். மேலிருந்து நோக்கின் மீனின் நடுமுள்ளும் பக்கமுட்களும் போலத் தோன்றும். மேலே அகன்றும் கீழே குறுகியும் சரிவான கரையுடன் அமையும் இவ்வாய்க்கால்களில், பெருக்கின்போது கடல்நீர் ஏறி, வற்றத்தின்போது உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்பும். மண்ணின் உப்பு படிப்படியாகத் தணியும். கரைச்சரிவின் நடுப்பகுதியில் வெண்கண்டல் விதைகளை ஊன்றினால், அவை மூழ்காமலும் உலராமலும் வேர்கொள்ளும்.

காட்டை அடுத்த சிற்றூர் மக்களை அயலாராகக் கருதாமல், காப்பதிலும் பயன்கொள்வதிலும் பங்காளிகளாக ஏற்ற கூட்டு மேலாண்மையும் அப்போதே தொடங்கியது. வாய்க்கால் வெட்டியவரும் அதற்குக் காவல் நின்றவரும் அம்மக்களே.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துபோகும். தூர்வாராவிடின் சில ஆண்டுகளில் நிலம் பழைய நிலைக்குத் திரும்பும். இங்கேதான் காவிரிப் படுகையின் பழைய வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது. ஆண்டுதோறும் கோடையில், ஆற்றில் நீர் வருமுன், ஊர்கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்றனர். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12-ஐ மனத்திற்கொண்டு சித்திரை, வைகாசியில் தூர்வாருவது உழவர் வழக்காயிற்று. தமிழக அரசு 2017-இல் அப்பெயரிலேயே திட்டமொன்றைத் தொடங்கியது. அலையாத்தி வாய்க்காலைக் கோடையில் தூர்வாருவது கடலுக்குச் செய்யும் குடிமராமத்து என்றே கூறலாம். கடைமடை மக்களாகிய நமக்கு இது புதிய வேலையன்று, இடம் மட்டுமே புதிது.

காட்டினால் விளையும் பயன்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடலூர்க் கரையில் அலையாத்தியும் பிற மரங்களும் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னிருந்த சிற்றூர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்பதைப் பன்னாட்டு ஆய்வாளர் 2005-இல் வெளியிட்டனர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, நம் வட்டாரத்துத் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. அலையாத்திக் காடும் இலையுதிர்ந்து, கிளையொடிந்து, தீய்ந்ததுபோல் நின்றது. தன்மேல் விழுந்த அடியைத் தாங்கியே அது கரையைக் காத்தது.

காட்டின் பயன் கரையோடு முடிவதில்லை. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் அது. ஆறு சுமந்துவரும் வண்டலைத் தடுத்துநிறுத்துவதால், அப்பால் உள்ள கடற்புல் வெளிக்குத் தெளிந்த நீர் செல்கிறது. அக்கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவைக் காக்க, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-இல் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் அதுவே. அதன் வடகரை நம் அதிராம்பட்டினத்தை ஒட்டியது என்பது நமக்குப் பெருமை. அப்பெருமைக்கு உரிய கடமையும் நமதே.

பிறநாட்டு முன்மாதிரி

இளையோரைக் காட்டுப் பணியில் ஈடுபடுத்துவதற்குப் பிறநாட்டு வரலாறும் துணைநிற்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1933-இல், அதிபர் ரூசுவெல்ட் வேலையற்ற இளைஞருக்காகக் காப்புப் படையொன்றை அமைத்தார். 1942 வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அதில் பணியாற்றி மரம் நட்டனர், பாதை அமைத்தனர், மண்ணரிப்பைத் தடுத்தனர். எலிசபெத் குஷ்மன் என்னும் கல்லூரி மாணவி, தேசியப் பூங்காக்களின் பராமரிப்பில் மாணவரைக் கோடையில் தொண்டராக ஈடுபடுத்தலாம் என்று 1955-இல் தம் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் எழுதினார். 1957-இல் அக்கருத்து செயல்வடிவம் பெற்றது. பின்னர் 1970-இல் பதினைந்து முதல் பதினெட்டு வயதினருக்கான கோடைப் பணித் திட்டத்தை அந்நாட்டு அரசே சட்டத்தின் வழியே தொடங்கியது. ஒரு மாணவியின் ஆய்வேடு அலமாரியில் உறங்காமல் காட்டுக்குச் சென்ற கதை இது. ஆய்வேடு எழுதும் நம் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஈராண்டில் 240 மணிநேரத் தொண்டும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அமைப்பாகும். ஆகவே புதிதாக ஓர் அமைப்பை நாம் தோற்றுவிக்க வேண்டியதில்லை. இருக்கின்ற ஏழு நாளைப் பயனுள்ளதாக்கினால் போதும்.

நாங்கள் செய்த பிழை

கஜாவுக்கு அடுத்த கோடை. 2019 ஏப்ரல் இறுதி. நோன்பு தொடங்குமுன் முகாமை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். புயலில் அழிந்ததை மீண்டும் நடுவோம் என்று பதாகை எழுதினோம். நாற்றங்காலிலிருந்து நெகிழிப் பைகளில் வளர்ந்த கன்றுகளை வாங்கிவந்து, அனுமதி பெற்ற ஒரு திறந்த வெளியில் வரிசையாக நட்டோம். நிழற்படம் எடுத்தோம். நாளிதழில் செய்தியும் வந்தது.

ஆடி மாதம் சென்று பார்த்தபோது ஒரு கன்றுகூட உயிருடன் இல்லை. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கன்றுகளை நட்டுவிட்டு நாங்கள் எறிந்த நெகிழிப் பைகள் மட்டும் காற்றில் அலைந்தன. வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் உடன் வந்திருந்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கன்னு வைக்கிறது பெரிய காரியம் இல்ல சார். தண்ணி வந்து போறதுக்கு வழி இருக்கான்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிழைகள் இரண்டு. ஓதம் எட்டாத மேட்டு உப்புநிலத்தைத் தேர்ந்தது ஒன்று. பருவம் தவறியது மற்றொன்று. வெண்கண்டலின் விதை கோடையில் முதிர்வதில்லை. பருவமழைக்கு முன்னும் மழைத் தொடக்கத்திலும் முதிர்ந்து உதிரும் விதைகள் நீரில் மிதந்துசென்று தாமே ஊன்றிக்கொள்ளும். கோடை நடும் காலமன்று, மழைக்காகவும் விதைக்காகவும் நிலத்தை ஆயத்தம் செய்யும் காலம். மருதத்து உழவன் எவனும் செய்யாத பிழையை நெய்தலில் நாங்கள் செய்தோம். அப்பிழைக்கு அணித்தலைவனாகிய நானே பொறுப்பு. மாணவர் என்னை நம்பி உழைத்தனர். அவர்கள் உழைப்பு வீணானதை அவர்களிடம் சொல்ல வேண்டிய கடமையும் என்னுடையதாயிற்று. கல்லூரி திறந்ததும் அனைவரையும் அழைத்துச்சென்று அவ்விடத்தைக் காட்டினேன். நெகிழிப் பைகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினோம்.

நாளும் ஓதமும்

நோய்த்தொற்றுக் காலம் கழிந்து 2023 மே மாதம் மீண்டும் முகாம் நடத்தினோம். இம்முறை வனத்துறையினரிடம் எங்கள் திட்டத்தைக் கொண்டுசெல்லாமல், எங்களிடமிருந்து என்ன வேலை வேண்டும் என்று கேட்டோம். தூர்ந்துபோன கிளை வாய்க்கால் ஒன்றைக் காட்டினர். காப்புக்காட்டினுள் அனுமதியின்றி நுழைவது குற்றம். எழுத்து வழி அனுமதியும் வனப்பணியாளரின் உடனிருப்பும் இன்றி எந்த அணியும் உள்ளே செல்லலாகாது.

முகாம் நாட்களை ஓதத்தைக் கொண்டே முடிவு செய்தோம். அமாவாசையையும் முழுநிலவையும் ஒட்டிய நாட்களில் பெருக்கு உயர்ந்து மேட்டு வாய்க்கால்களிலும் நீர் ஏறும். அரைநிலவை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு குறைவு. தூர்வார அதுவே ஏற்றது. நாள்தோறும் பெருக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிவரும். இவற்றை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டா. பிறைக்கணக்கு மாதத்தைப் பின்பற்றும் நம் வீட்டு நாட்காட்டியே போதும். பிறை 1-ஐயும் 15-ஐயும் ஒட்டி உயர்ந்த ஓதம், பிறை 7, 8-ஐயும் 22, 23-ஐயும் ஒட்டித் தணிந்த ஓதம். ஷவ்வால் மாதத்து 22-ஆம் பிறையை நடுவாக வைத்து ஏழு நாளைக் குறித்தோம். தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டுமே பிறை பார்த்துவந்த மாணவர், அதே பிறை கடலையும் ஆள்வதை அறிந்து வியந்தனர். கடல்தொழில் செய்யும் குடும்பத்து மாணவர் இருவர், "இது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் சார்" என்று சிரித்தனர். அன்று முதல் ஓதம் பற்றிய ஐயங்களை அனைவரும் அவ்விருவரிடமே கேட்டனர்.

அணியை அமைத்தல்

24 பேரை நான்கு குழுவாகப் பிரித்தோம். ஆறு பேருக்கு ஒரு மூத்த மாணவர் பொறுப்பு. நண்பர்கள் ஒரே குழுவில் சேரவே விரும்புவர். அதனை அனுமதிக்கவில்லை. கடலறிந்தவர் ஒருவர், மண்வெட்டி பிடித்துப் பழகிய உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர், இரண்டுமே அறியாதவர் சிலர் என்று ஒவ்வொரு குழுவும் கலந்து அமைந்தது. வகுப்பில் கடைசி வரிசையில் அமரும் மாணவர் சேற்றில் முதல் வரிசைக்கு வந்தனர். மதிப்பெண் பட்டியல் தலைகீழாவதைப் பார்ப்பது ஆசிரியருக்கு நல்ல பாடம்.

அணித்தலைவர் கரையில் நின்று கட்டளையிடலாகாது. முதல்நாள் முழங்கால் ஆழச் சேற்றில் இறங்க அனைவரும் தயங்கினர். வேட்டியை மடித்துக்கட்டி நான் இறங்கினேன். காலை எடுக்க முடியாமல் விழுந்தேன். மாணவர் சிரித்தனர். அதன்பின் தயக்கம் நீங்கியது. பேச்சால் ஆகாதது அவ்வீழ்ச்சியால் ஆயிற்று.

வேலையை நீளத்தால் அளந்து கொடுத்தல் வேண்டும். முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, இன்று இதுவரை என்று காட்டினால் இளையோர் மனம் அதில் ஊன்றும். இருவர் வெட்ட, இருவர் சாந்துச்சட்டியில் ஏந்த, இருவர் கரையிற் கொட்டுவர். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இல்லையேல் வலியவன் வெட்டிக்கொண்டே இருப்பான், மெலியவன் வேடிக்கை பார்ப்பான். வெட்டிய சேற்றைத் தொடர்வரப்பாகப் போடலாகாது. இடையிடையே வழிவிட்டுக் கொட்டினால்தான் ஓதநீர் கரையைத் தாண்டிப் பரவும். ஏன் இப்படி என்பதை வேலைக்கு முன்பே விளக்கிவிடுதல் நன்று. காரணம் தெரிந்த கை பிழை செய்வது குறைவு.

காப்பு

2019-இல் ஒரு மாணவன் வெயிலில் மயங்கி விழுந்தான். நிழலில் கிடத்தித் தண்ணீர் தெளித்து, மருத்துவரிடம் கொண்டுசென்றோம். இறையருளால் தெளிந்தான். அன்று நண்பகல் வரை வேலைவாங்கியது என் தவறு. அதனால் 2023-இல் விதிகளை எழுதிவைத்துக்கொண்டோம்.

பஜ்ருத் தொழுகைக்குப் பின் புறப்பட்டு ஆறு மணிக்கு வேலை தொடங்கும். பத்து மணிக்கு எது மிஞ்சினாலும் நிறுத்திவிட வேண்டும். மாலையில் அஸருக்குப் பின் இலேசான பணி மட்டும். தாகம் எடுக்குமுன் நீர் அருந்த வேண்டும். நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த நீரும் கரையில் எப்போதும் இருக்கும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு அல்லது தொப்பி. சேற்றுள் சிப்பியும் முள்ளும் காலைக் கிழிக்கும். செருப்போ சேற்றில் நிற்காது. பழைய துணிக்காலணியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதே வழி. ரணஜன்னித் தடுப்பூசி போட்டவர் பெயரை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

தில்லை மரத்தை முதல்நாளே அடையாளம் காட்டிவிட வேண்டும். இலை பறித்தாலும் கிளை ஒடித்தாலும் வடியும் அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு, தோலிற் பட்டால் கொப்புளம். குறிஞ்சிப்பாட்டில் மலராகப் படித்த தில்லைக்கு இப்படியொரு முகம் உண்டென்று மாணவர் நினைத்திருக்கவில்லை. சேற்றிலிருந்து ஆணிகள் போல் மேல்நோக்கி நிற்கும் சுவாச வேர்களை மிதிக்கலாகாது. அவையே மரத்தின் மூக்கு. அவற்றை மிதிக்காமல் நடக்கப் பழகுவதற்கு ஒருநாள் பிடித்தது.

நண்பகலில் லுஹர்த் தொழுகைக்கும் உணவுக்கும் பின் கூடத்தில் ஒருமணி நேரம் பாடம். நெய்தற் பாடல்களை அப்போதுதான் படித்தோம். சேற்று மணம் கையிலிருந்து போகாத நிலையில் கண்டல் என்ற சொல்லைக் கேட்ட மாணவரிடம், அதற்குப் பொருள் கூற வேண்டிய தேவை ஏற்படவில்லை.

ஒரு தந்தையின் கேள்வி

மூன்றாம் நாள் இரவு வளைகுடா நாட்டிலிருந்து ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். மகன் கையில் கொப்புளம் கண்டதைத் தாய் சொல்லியிருக்கிறார். கோபமின்றியே பேசினார். "எம் புள்ள மம்பட்டி புடிக்கக் கூடாதுண்டுதான் சார் நான் இங்க வெயில்ல நிக்கிறேன்" என்றார்.

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. நம்மூரில் எத்தனையோ வீடுகள் இவ்வாறு ஒருவர் வெயிலில் நிற்பதால் நிழல் பெற்றவை. உடலுழைப்பின் துயரை அறிந்தவர், அது தம் மகனைத் தீண்டாதிருக்க வேண்டுவது இயல்பே. அதனை அறியாமை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை. "காக்கா, பையனிடமே கேளுங்கள். அவன் வர வேண்டாம் என்றால் நாளையே வீட்டில் விட்டுவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அம்மாணவன் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். தந்தையிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தேன். பிழைப்புக்காகக் கட்டாயத்தின்பேரில் பிடிக்கும் மண்வெட்டி வேறு, ஊருக்காக விரும்பிப் பிடிக்கும் மண்வெட்டி வேறு. முன்னதிலிருந்து பிள்ளையைக் காப்பது தந்தையின் கடமை. பின்னதை அவனுக்கு அறிமுகம் செய்வது ஆசிரியரின் கடமை. இரண்டும் முரண்பட்டவை அல்ல. எனினும் முகாமுக்கு முன்பே பெற்றோரை அழைத்து, வேலை இன்னது, நேரம் இவ்வளவு, காப்பு இவ்வாறு என்று விளக்கி எழுத்து வழி இசைவு பெறும்போது, கடல்கடந்து வாழும் தந்தையரிடமும் பேசியிருக்க வேண்டும். தாயின் கையொப்பம் போதுமென்று நான் எண்ணியது குறையே.

ஒரு மரம் நட்டு, அதன் கனியை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. முகாம்களில் இதனை எடுத்துக்காட்டாத பேச்சாளர் இல்லை. மக்கள் நடக்கும் பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் தர்மம் என்று அவர்கள் அருளியதை இப்பணிக்கு எவரும் பொருத்திப் பார்ப்பதில்லை. நீர் நடக்கும் பாதையில் கிடந்த சேற்றை அகற்றியபோது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது. நடுவது கண்ணுக்குத் தெரியும் தர்மம். வழி திறப்பது தெரியாத தர்மம்.

விளைவு

ஏழு நாள் முடிவில் அக்கிளை வாய்க்காலின் பாதியைக்கூட எங்களால் முடிக்க இயலவில்லை. பழகிய தொழிலாளர் சிலர் இரண்டு நாளில் முடித்திருப்பர் என்று வனப்பணியாளர் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆயின் கடைசி நாள் மாலை, ஓதம் தணிந்திருந்த அந்நாளிலும், தூர்வாரிய நீளத்தில் மெல்லிய நீர்க்கோடு ஒன்று உள்ளே நகர்ந்து வந்தது. வேலையை விட்டுவிட்டு அனைவரும் அதனருகே நடந்தனர். ஒருவரும் பேசவில்லை.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை கழிந்து 2024 ஜனவரியில் சிலர் மட்டும் சென்று பார்த்தோம். கரைச்சரிவில், நாங்கள் நடாத வெண்கண்டல் நாற்றுகள் இரண்டு நான்கு இலைகளுடன் நின்றன. அடர்ந்து நின்றன என்று சொல்லமாட்டேன். ஓரிடத்தில் வாய்க்கால் மீண்டும் தூரத் தொடங்கியிருந்தது. 2019-இல் நட்டவற்றுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கு நான் விளக்கவில்லை. அவர்களே கண்டுகொண்டனர். விடுமுறையில் ஊர்வந்திருந்த அத்தந்தையும் மகனோடு வந்து கரையில் நின்று பார்த்தார். "இதுக்குத்தானா?" என்று மகனிடம் கேட்டார். அவன் ஆம் என்று தலையசைத்தான்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. கோடைப் பணியணிக்கு ஏற்ற வேலை நடுவதன்று, ஆயத்தம் செய்வதே. வாய்க்காலைத் தூர்வாருதல், சிக்கிக் கிடக்கும் நைலான் வலைகளையும் நெகிழியையும் அகற்றுதல், காட்டின் நிலப்புற விளிம்பில் பரவும் சீமைக்கருவேல் கன்றுகளைக் களைதல் ஆகிய மூன்றும் இப்பருவத்துக்கு உரியவை. இடத்தையும் வேலையையும் காட்டை அறிந்தோர் தேர்ந்து தர வேண்டும். நாளை ஓதம் குறிக்க வேண்டும். தலைவர் சேற்றில் முதலில் இறங்கி, வெயிலுக்கு முன் கரையேற்ற வேண்டும். பெற்றோர் இருவரும் அறிந்திருக்க வேண்டும். முடிந்தபின் மாணவரை மீண்டும் அழைத்துச்சென்று விளைவைக் காட்ட வேண்டும், விளைவு தோல்வியாயினும்.

ஒரே அணி ஆண்டுதோறும் வருவதில்லை. மாணவர் படித்து முடித்துச் செல்வர். வண்டலோ ஆண்டுதோறும் வரும். ஆகவே ஒவ்வொரு கோடையிலும் புதிய அணி ஒன்று அவ்வாய்க்காலுக்குச் செல்லுமாறு நம் கல்லூரியும் ஊர் ஜமாஅத்தும் அண்டைப் பள்ளிகளும் இணைந்து ஓர் ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது சமுதாயப் பெரியவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். முந்தைய அணி விட்ட இடத்தில் முளைக்குச்சி இன்னும் நிற்கிறது. அங்கிருந்து தொடங்கினால் போதும்.